பற்றின்மையைப் பிறரிடம் கேட்கலாமா?

பயனில் பற்று வைக்காமல் கடமையைச் செய்வதே கர்மயோகம் என்னும் கொள்கையில் எனக்கு ஐயம் சிறிதும் இல்லை. ஆனால், ஒருவன் தானே விரும்பி மேற்கொள்ளும்போது தர்மமாக விளங்கும் அந்தத் துறவு, அவன் அதைப் பிறரிடம் எதிர்பார்க்கும்போதும் தர்மமாகவே இருக்குமா என்ற கேள்வி, மேற்கு ஆப்பிரிக்க நாடாகிய சியரா லியோனின் சுகாதார நிர்வாகத்தைப் பற்றி எண்ணும்போதெல்லாம் என் உள்ளத்தில் எழுகிறது.

1991 முதல் 2002 வரை உள்நாட்டுப் போரில் நலிந்த அந்த நாடு, 2010 ஏப்ரல் 27-ஆம் தேதி, தன் சுதந்திர தினத்தன்று, கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் கட்டணமின்றி வைத்தியம் செய்யும் திட்டத்தைத் தொடங்கியது. அதற்கு முன்னேற்பாடாகச் சம்பளப் பட்டியலை ஆராய்ந்து, ஆளில்லாமல் ஏட்டில் மட்டும் இருந்த பெயர்களை நீக்கி, உண்மையில் உழைப்பவர்களின் ஊதியத்தை உயர்த்தினார்கள். மருந்துக் கிடங்கும் கணக்கும் ஒழுங்காக இல்லாவிட்டால் எந்த நல்ல திட்டமும் காகிதத்தோடு நின்றுவிடும் என்பதை உணர்ந்தே, நிர்வாகப் பயிற்சியுள்ள தொண்டர்கள் சிலர் வெளிநாடுகளிலிருந்து அந்நாட்டின் மாவட்டச் சுகாதார அலுவலகங்களுக்குச் செல்கிறார்கள்.

மேசையருகே அமர்ந்து செய்யும் இந்தப் பணியைச் சிறிதென்று எண்ணுபவர்கள் உண்டு. நான் அவ்வாறு எண்ணவில்லை. தடுப்பு மருந்து, தலைநகர் ஃப்ரீடவுனிலிருந்து மாவட்டத்திற்கும், அங்கிருந்து மழையில் கரைந்துபோன மண்சாலை வழியே கிராமத்து நிலையத்திற்கும் செல்லும் வரை, இரண்டு முதல் எட்டு டிகிரி செல்சியசுக்குள் குளிர்ச்சியாகவே இருக்க வேண்டும். எந்த நிலையத்தில் எது தீர்ந்தது, எது காலாவதியாக இருக்கிறது என்பதை இருப்புப் பதிவேடு உண்மையாகச் சொல்ல வேண்டும். நோய் வராமலே வளர்ந்துவிட்ட குழந்தை ஒருநாளும் வந்து அந்தப் பதிவேட்டை எழுதியவருக்கு நன்றி சொல்லப்போவதில்லை. குருக்ஷேத்திரத்தில் ஆயுதம் ஏந்துவதில்லை என்று சொல்லிக் குதிரைகளின் கடிவாளத்தைப் பிடித்தவனே கர்மயோகத்தை உபதேசித்தான் என்பதை நினைக்கும்போது, கண்ணுக்குத் தெரியாத இத்தகைய வேலைக்கே அந்த உபதேசம் மிகப் பொருந்துகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆயினும் அந்த மாவட்ட அலுவலகத்தில், அந்தத் தொண்டருக்குப் பக்கத்திலேயே, வேறொருவர் இருக்கிறார். வெளிநாட்டிலிருந்து வந்தவருக்கு ஜீவனப்படியும் இருப்பிடமும் திரும்பிப் போகும் தேதியும் உண்டு. இவரோ, பயிற்சி முடித்து, அரசாங்கச் சம்பளப் பட்டியலில் தம் பெயர் ஏறும் நாளை எதிர்நோக்கி, ஆண்டுக்கணக்கில் ஊதியமின்றி வேலை செய்யும் உள்ளூர்த் தாதி. இப்படிப்பட்டவர்கள் அந்நாட்டில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் இல்லாவிட்டால் மூடிக்கிடக்கும் நிலையங்கள் பல. அவர்களையும் தொண்டர் கணக்கிலேயே சேர்த்து எழுதிவிடுகிறார்கள். அவர்கள் எதைத் துறந்தார்கள்? துறப்பதற்கு அவர்களுக்கு என்ன கொடுத்தோம்?

2014-இல் எபோலா நோய் பரவியபோது இந்த வினா மிகக் கொடிய வடிவம் எடுத்தது. அந்நாட்டின் கெனிமா நகர அரசாங்க மருத்துவமனையில் நோயாளிகளுக்காக உழைத்த டாக்டர் ஷேக் உமர் கான் அந்நோய்க்கே ஆளாகி ஜூலை 29-இல் உயிர் நீத்தார். அங்கே தாதிகள் பலரும் மாண்டார்கள். அதே ஆண்டு நவம்பரில், அதே ஊரில், பிணங்களை அடக்கம் செய்துவந்த ஊழியர்கள், தங்களுக்கு வாக்களித்த அபாயப்படி அக்டோபர், நவம்பர் மாதங்களுக்குக் கிடைக்கவில்லை என்று வேலைநிறுத்தம் செய்து, பிணங்களை மருத்துவமனை வாயிலில் போட்டுவிட்டுப் போனார்கள். படி பாக்கியிருந்தது உண்மை என்று ஒப்புக்கொண்ட அதிகாரிகள், இறந்தோரை அவமதித்தார்கள் என்று அவர்களை வேலையிலிருந்து நீக்கினார்கள். இறந்தவரின் உடலுக்குச் செய்த அவமதிப்பை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் உயிரைப் பணயம் வைத்தவனுக்குரிய பணம் யாருடைய மேசையிலோ தங்கிவிட்டது என்றால், முதல் அதர்மம் அந்த மேசையிலேதான் நிகழ்ந்தது.

வறியவனுக்குத் தியாகம் கிடையாதா என்று கேட்கலாம். உண்டு, ஊதியமின்றியே எபோலா வார்டில் நின்ற பெண்களின் தியாகத்துக்கு ஈடாகச் சொல்லக்கூடியவை மிகச் சில. ஆனால் அது அவர்களாகக் கொடுத்தால் மட்டுமே கொடை. அதை எதிர்பார்த்து ஒரு ஸ்தாபனம் தன் வரவுசெலவுத் திட்டத்தை வகுக்குமானால் அதற்குப் பெயர் வேறு. திருவள்ளுவர் கள்ளாமையை இல்லறவியலில் வைக்காமல் துறவறவியலில் வைத்திருப்பதை நான் பலமுறை எண்ணி வியந்ததுண்டு. எல்லாவற்றையும் துறந்தேன் என்பவனைப் பார்த்தே, பிறர் பொருளைத் தொடாதே என்று சொல்ல வேண்டியிருக்கிறது. பிறருடைய உழைப்பும் பிறர் பொருள்தான்.

ஆகவே, அந்த மாவட்ட அலுவலகத்தில் அமர்ந்திருக்கும் தொண்டர் செய்யத்தக்க பணிகளில் நான் முதன்மையாகக் கருதுவது, ஊதியமின்றி உழைப்போரின் பெயர், தகுதி, நிலையம், வேலையில் சேர்ந்த நாள் ஆகியவற்றைப் பிழையின்றித் தொகுத்து, உள்ளூர் எழுத்தரையும் அதில் பழக்கி, பட்டியலில் ஏறும் வரை தலைநகருக்கு மீண்டும் மீண்டும் அனுப்புவதே. ஊதியம் இல்லாத தாதி, இலவசமாகக் கொடுக்க வேண்டிய மாத்திரைக்கு, தன் பிள்ளைகளின் பசி காரணமாக ஒரு சிறு தொகை வாங்கத்தான் நேரிடுகிறது. அவள் பெயர் பட்டியலில் ஏறினால், அந்தக் கிராமத்துத் தாய்க்கு 2010-இல் அளித்த வாக்குறுதியைக் காப்பாற்ற அவளுக்கும் வழி பிறக்கிறது.