புகையும் பனியும்: பங்குவிலை வரைபின் அறிவுத்தகுதி பற்றிய ஒரு நோக்கு

நிகழ்ந்ததைக் கொண்டு நிகழவிருப்பதை அறிய முயலுதல் மனிதனின் இயல்பாகும். உழவன் மேகத்தை நோக்குகின்றான். மருத்துவன் நாடியை நோக்குகின்றான். பங்குச்சந்தையில் ஈடுபடுவோருட் பலர் விலைவரைபை நோக்குகின்றனர். ஒரு பங்கின் கடந்தகால விலைகளையும் கைமாறிய அளவையும் வரைபாக்கி, அவ்வரைபின் வடிவங்களிலிருந்து வருங்கால விலையை உய்த்துணரும் முறை தொழினுட்பப் பகுப்பாய்வு எனப்படும். கம்பனியின் வருமானத்தையும் முகாமையையும் தனியே ஆராய வேண்டுவதில்லை, அவை யாவும் விலையினுள்ளே அடங்கிவிட்டன என்பது இம்முறையினரின் அடிப்படைக் கொள்கை. இது பயனுடையதா என்ற வினா வெறும் வணிகவியல் வினாப்போலத் தோன்றலாம். உண்மையில் அது அறிவு எது, நம்பிக்கை எது என்ற மெய்யியல் வினாவாகும். வாழ்நாட் சேமிப்பை ஒருவர் வரைபை நம்பி ஒப்படைக்கும்போது அது அறவியல் வினாவுமாகின்றது.

மேலைநாட்டில் இம்முறைக்கு வித்திட்டவர் சார்ள்ஸ் டவ் என்பர். அவர் தமது பெயர்பெற்ற கைத்தொழிற் பங்குச் சுட்டெண்ணை 1896ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளியிட்டார். அதே ஆண்டிலேதான் கொழும்பிலும் பங்குத்தரகர் சங்கம் தோன்றியது. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களுக்கு முதல் திரட்டுவதே அதன் தலையாய நோக்கமாயிருந்தது. எனவே விலைவரைபு பற்றிய வினா கண்டி மலைகளுக்குப் புறம்பான ஒன்றன்று.

அனுமானத்தின் தகுதி பற்றித் தமிழ் மரபு நெடுங்காலமாகச் சிந்தித்து வந்துள்ளது. புகையைக் கண்டு நெருப்பை அறிதல் அதற்குக் காட்டப்படும் பழைய எடுத்துக்காட்டு. புகை உள்ளவிடத்து நெருப்பு உண்டு என்னும் பிரியாத் தொடர்பு நிலைபெற்றாலன்றி அவ்வனுமானம் நில்லாது. மணிமேகலையின் 29ஆம் காதை போலி ஏதுக்களை வகுக்குமிடத்து, ஆவியோ பனியோ என்ற ஐயம் தீராத நிலையிலே அதனைப் புகையெனக் கொண்டு நெருப்புண்டெனத் துணிதலையும் ஒரு குற்றமாகக் கூறுகின்றது. ஹந்தானை மலைச்சாரலில் விடியற்காலையில் எழும் வெண்படலத்தைத் தொலைவிலிருந்து காண்போர்க்கு இக்குற்றம் எத்துணை எளிதில் நேரும் என்பது விளங்கும். பனியும் புகையைப்போலவே சுருண்டெழும். ஆனால் அதன் அடியில் நெருப்பில்லை.

விலைவரைபின் இடர்ப்பாடு இதனினும் பெரிது. புகை தன்னை ஒருவர் நோக்குகின்றார் என்பதை அறியாது. சந்தையோ அறியும். ஒரு வடிவம் ஏற்றத்தைக் குறிப்பதாகப் பலர் நம்பினால் அவர்கள் வாங்குவதாலேயே விலை ஏறும். ஏறிய பின்னர் முதலில் வாங்கியோர் விற்க, அவ்வடிவம் பொய்த்துப்போம். கொடுக்கல்வாங்கல் குறைந்த சிறிய சந்தைகளிலே பெருந்தொகைப் பங்குடைய சிலர் தாம் விரும்பும் வடிவத்தைத் தாமே வரைந்துவிடவுங் கூடும். இயற்கையின் ஒழுங்கு வேறு. ஒருவரையொருவர் நோக்கியிருக்கும் மனிதரின் ஒழுங்கு வேறு.

விலையினுள் யாவும் அடங்கும் என்ற கொள்கையை மலைநாட்டு வரலாறு ஒருமுறை கடுமையாகச் சோதித்தது. 1869ஆம் ஆண்டில் கோப்பி இலையின் அடிப்பக்கத்தே செம்மஞ்சட் பொடி படர்ந்தது. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராயிருந்த துவைற்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்ப, பேர்க்கிலி என்னும் அறிஞர் அப்பங்கசுக்குப் பெயரிட்டார். நோய் பரவியது, விளைச்சல் குன்றியது. ஆயினும் 1870களில் உலகச் சந்தையிலே கோப்பியின் விலை ஏறியது. ஏறிய விலை குன்றிய விளைச்சலை மறைத்தது. தோட்டக்காரர் புதிய காடுகளை அழித்து மேலும் கோப்பி நட்டனர். அன்று ஒருவர் விலையை வரைபாக்கியிருப்பின் அக்கோடு மேல்நோக்கியே சென்றிருக்கும். 1880களில் அத்தொழில் வீழ்ந்தது. 1884இல் ஓறியன்ரல் வங்கியும் முறிந்தது. உண்மை விலையில் அடங்கியிருக்கவில்லை. இலையின் அடிப்பக்கத்தில் இருந்தது. லூல்கந்துரவில் 1867இலேயே 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலரின் முயற்சி பின்னர் மலைநாட்டைத் தாங்கியது. அதனையும் கோப்பியின் விலைக்கோடு காட்டியிராது.

இத்தகைய நிகழ்ச்சி அண்மைக் காலத்திலும் நேர்ந்தது. 2021இல் நாட்டின் வெளிநாட்டு நாணய ஒதுக்கு கரைந்துகொண்டிருக்க, கொழும்புச் சந்தையின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் ஏறிக்கொண்டிருந்தது. 2022 சனவரியில் அது அதுவரை காணாத உயரமாகிய 13,000ஐக் கடந்தது. ஏப்ரல் 12ஆம் நாள் வெளிநாட்டுக் கடன் செலுத்துதல் இடைநிறுத்தப்பட்டது. ஏப்ரல் 18 முதல் ஒரு வாரம் சந்தை மூடப்பட்டது. 25ஆம் நாள் திறந்த அன்றே விலைகள் சரிய, வியாபாரம் மீண்டும் நிறுத்தப்பட்டது.

எனினும் இம்முறையை முற்றாகப் புறக்கணித்தல் நேர்மையாகாது. சனவரி உச்சத்தின் பின்னர்ச் சுட்டெண் தொடர்ந்து இறங்கியது. குறித்த எல்லைக்குக் கீழே விலை சென்றால் விற்றுவிடுவேன் என முன்னரே உறுதிபூண்டு, அவ்வாறே ஒழுகியவர் ஏப்ரலுக்கு முன்னரே சிறு நட்டத்துடன் வெளியேறியிருப்பார். கம்பனியின் கணக்கேடுகளை மட்டும் நம்பியிருந்த பலருக்கு அது இயலவில்லை. அன்ட்ரூ லோவும் வேறிருவரும் 1962 முதல் 1996 வரையான அமெரிக்கப் பங்குவிலைகளை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையும் சில வடிவங்கள் ஓரளவு தகவல் தருகின்றன எனக் கண்டது. ஆனால் தகவல் தருதல் வேறு. தரகுக்கூலி கழித்தபின் இலாபம் தருதல் வேறு.

இங்கே ஒரு வேறுபாடு தெளிவாகின்றது. நட்ட எல்லை வகுப்பவர் வருங்காலத்தை அறிந்தவராகச் செயற்படவில்லை, அறியாதவராகச் செயற்படுகின்றார். தமது கணிப்புப் பிழைக்கக்கூடும் என்பதை அவர் முன்கூட்டியே ஒப்புக்கொள்கின்றார். வரைபு அவருக்குக் கடிவாளம். நாளைய விலை இது என வரைபிலிருந்து துணிபவருக்கோ அதே வரைபு சோதிடம். முன்னையதில் அச்சத்தையும் ஆசையையும் அடக்கும் ஒழுக்கம் உண்டு. பின்னையதில் அவ்விரண்டுக்கும் அறிவு என்னும் போர்வை சூட்டப்படுகின்றது.

அறத்தின் வினா இவ்விடத்திலேயே எழுகின்றது. ஒருவர் விற்று விலகும்போது அதே பங்கை மற்றொருவர் வாங்குகின்றார். ஆதலின் காலம் பார்த்து விலகும் திறன் ஒருவரைக் காக்குமேயன்றி அனைவரையும் காக்கமாட்டாது. தமது பணத்தைத் தாமே இழப்பவர் அறியாமையின் பயனை அனுபவிக்கின்றார். ஓய்வூதியப் பணத்தோடு வரும் முதியவரிடம் வரைபைக் காட்டி உறுதி கூறுபவரோ பனியைப் புகையென விற்கின்றார். முன்னையது அளவைப் பிழை, பின்னையது அறப்பிழை. விலைக்கோட்டிலே தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி தெரிவதில்லை. மண்ணின் நலம் தெரிவதில்லை. மழை பொய்த்ததும் அது விலையை அசைக்கும்வரை தெரிவதில்லை. தெரியாதவற்றை இல்லாதவை எனக் கொள்வதே இம்முறையினரை ஆட்கொள்ளும் பெருமயக்கம்.

ஆகவே தொழினுட்பப் பகுப்பாய்வு பங்கு வியாபாரத்திற்குப் பயனுடையதா எனின், தன்னை அடக்கிக்கொள்ள விரும்புபவர்க்குப் பயனுடையது. வருங்காலத்தை அடக்க விரும்புபவர்க்குப் பயனற்றது எனலாம். மலைமேல் வெண்படலம் எழக் காண்பவர் நெருப்பென்று அலறவும் வேண்டுவதில்லை. பனியென்று உறங்கவும் வேண்டுவதில்லை. ஏறிச் சென்று பார்த்தல் வேண்டும். துவைற்ஸ் விலைப்பட்டியலை நோக்கியிருந்தால் கோப்பியின் முடிவை அறிந்திருக்கமாட்டார். அவர் இலையைத் திருப்பிப் பார்த்தார்.