அறுபட்ட மூக்கும் முன்வினையும்

மூக்கு அறுபட்டவருக்கு அவருடைய நெற்றித் தோலைக் கொண்டே புது மூக்கு அமைக்கும் முறை இந்தியாவில் நெடுங்காலம் வழங்கியது. தோலை முழுதாக அறுத்தெடுத்து ஒட்டினால், ரத்தம் இல்லாமல் அது கருகிவிடலாம். அதனால் புருவங்களுக்கு நடுவே ஒரு காம்பை மட்டும் விட்டுவிட்டு, மற்ற பக்கங்களில் கீறி, மடலைத் திருப்பிக் கீழே இறக்கிப் பொருத்துவார்கள். புது இடத்தில் வேர்பிடிக்கும்வரை காம்பு வழியே வரும் ரத்தத்தில் மடல் பிழைத்திருக்கும். மூன்று வாரம் போல ஆனதும் காம்பை வெட்டலாம்.

1794 அக்டோபரில் லண்டனின் ‘ஜென்டில்மேன்ஸ் மேகஸின்’ இப்படி ஒரு சிகிச்சையைப் படத்தோடு வெளியிட்டது. ஆங்கிலேயர் படையில் மாடு ஓட்டிய கவாஸ்ஜி என்ற மராட்டியர் திப்புவிடம் சிறைப்பட்டார். மூக்கையும் ஒரு கையையும் வெட்டிவிட்டார்கள். ஓராண்டு மூக்கில்லாமலே இருந்தார். பிறகு புனே அருகே செங்கல் அறுக்கும் குலத்தைச் சேர்ந்த வைத்தியர் ஒருவர், மெழுகுத் தகட்டை முகத்தில் வைத்து மூக்குக்கு அளவெடுத்தார். அதே மெழுகைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்துச் சுற்றிக் கோடு போட்டு, அந்தக் கோட்டின்மேல் கீறினார்.

அந்நாளில் மூக்கறுப்பு ஒரு தண்டனை. பார்ப்பவர் எல்லாருக்கும் தெரியட்டும் என்றே முகத்தில் இட்டது. வேந்தன் இட்டதை, அல்லது முன்வினை தந்ததை, கத்தி கொண்டு மாற்றலாமா? வினைப்பயனை அனுபவித்தே கழிக்கவேண்டும் என்று நம்புகிறவர் இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. திருநீலகண்டப் பதிகத்தில் இதற்கு நேரான விடை இருக்கிறது. கொடிமாடச் செங்குன்றூரில் அடியார்களைக் குளிர்சுரம் பற்றியபோது சம்பந்தர் பாடியதாகப் பெரியபுராணம் சொல்லும் பதிகம் அது. வந்தது வினையால் என்று சொல்லிக்கொண்டு, அதிலிருந்து மீளும் வழி தேடாமல் இருப்பதை அவர் கடிந்துகொள்கிறார். நோய்க்குக் காரணம் வினை என்று ஒப்புக்கொள்பவரே இதைச் சொல்வதால், விடைக்கு வலிமை கூடுகிறது. வினை அளந்து கொடுத்தது இந்த உடம்பு என்றே வைத்துக்கொண்டாலும், இழந்ததை ஈடுகட்டப் போதுமான தோலும் ரத்தமும் அதே உடம்பில்தான் இருந்தன. அவற்றை மட்டும் வினைக்கு வெளியே வைக்க நியாயம் இல்லை.

இன்னொரு தடை இதைவிடக் கடினமானது. மூக்கைச் சீராக்க, பழுதில்லாத நெற்றியைப் புண்ணாக்க வேண்டியிருக்கிறது. மயக்கமருந்து இல்லாத காலத்தில் அது கொடிய வேதனை. அதைத் தாங்க இசைபவர் காயப்பட்டவரே என்பதுதான் இங்கே நியாயம். அவருக்காக வேறு யாரும் இசையவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

அப்படி வந்த மூக்கு அவருடையதுதானா? காம்பு அறுபடாத நாட்களில் புது மூக்கின் நுனியைத் தொட்டால், நெற்றியில் தொட்டதாக நோயாளி உணர்வதுண்டு. மடலோடு இறங்கிவந்த நரம்பு பழைய இடத்தையே சொல்லிக்கொண்டிருக்கும். காம்பை வெட்டிய பிறகு, சுற்றியுள்ள திசுக்களிலிருந்து நரம்பிழைகள் மெல்ல மடலுக்குள் வளர்கின்றன. உணர்வு முழுமையாகத் திரும்பாமல் போகலாம். திரும்பும் அளவுக்கு அது மூக்கின் உணர்வாகவே திரும்புகிறது.