எல்லையும் பாலமும்

வீட்டிற்கு வேலி வேண்டும். நாட்டிற்கு எல்லை வேண்டும். ஆனால் நிலத்தைப் பிரிக்கும் கோடு உள்ளத்தையும் பிரிக்க வேண்டுமா? இது என்றும் மனிதனை எதிர்நோக்கும் கேள்வி.

பெங்களூரில் அல்சூரை அடுத்த மர்பி டவுன், தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் இடம். அது கண்டோன்மென்ட் பகுதியைச் சேர்ந்தது. 1949 வரை கண்டோன்மென்ட்டும் பழைய பேட்டையும் தனித்தனி நகராட்சிகளாக இருந்தன. இடையே நின்றது 1870-இல் உருவான கப்பன் பூங்கா. அன்று இரு நகரங்களையும் விலக்கி நின்ற அந்தப் பசுமை, இன்று இரு பகுதியினரும் கூடும் பொது இடம்.

இதைவிடக் கடுமையான பிரிவைக் கண்ட பூங்கா ஒன்று ஐரோப்பாவில் உண்டு. ஜெர்மானிய இளவரசர் பியூக்ளர் 1815-இல் நைஸ் ஆற்றின் இரு கரைகளையும் இணைத்து முஸ்காவ் பூங்காவை உருவாக்கத் தொடங்கினார். கடன் மிகுந்ததால் 1845-இல் அதை விற்க நேர்ந்தது. நூறாண்டுகளுக்குப் பின், 1945-இல், போரில் பாலங்கள் தகர்ந்தன, ஆறே நாட்டெல்லையாயிற்று. பூங்காவின் பெரும்பகுதி போலந்துக்கும் எஞ்சியது ஜெர்மனிக்கும் உரியதாயின. கீழ்க்கரையில் வாழ்ந்த ஜெர்மானியர் வெளியேற்றப்பட்டனர். போலந்தின் மேற்கில் அப்போது குடியேறியவர்களிலும் பலர் தம் சொந்த ஊர்களை இழந்து வந்தவர்களே. இரு தரப்பிலும் கண்ணீர் இருந்தது.

‘அக்கரை யாருடையது?’ என்று கேட்டுக்கொண்டிருந்தால் அந்த வழக்கு முடிந்திராது. ‘இதைப் பேணுவது எவ்வாறு?’ என்று கேட்டபோது வழி பிறந்தது. 1980-களின் இறுதியில் இரு நாட்டுப் பராமரிப்பாளர்களும் சேர்ந்து பணியாற்றத் தொடங்கினர். 2003-இல் இரட்டைப் பாலம் மீண்டும் எழுந்தது. 2004-இல் யுனெஸ்கோ இரு பகுதிகளையும் ஒரே உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

இங்கே ஒன்று சிந்திக்கத்தக்கது. பாலம் எல்லையை அழிக்கவில்லை. எல்லை இன்றும் ஆற்றில்தான் இருக்கிறது. அழிந்தது அயன்மை உணர்வு. அதுவும் பாலத்தால் அன்று. முதலில் கைகள் இணைந்தன. பிறகே கரைகள் இணைந்தன.

1991-இல் காவிரிப் பிணக்கு வன்முறையாக வெடித்தபோது பெங்களூர்த் தமிழர் பட்ட துன்பம் சிறிதன்று. நீரைப் பங்கிடும் கணக்கு நீதிமன்றத்திற்கு உரியது. அந்நீரைத் தூயதாகக் காப்பதும் அண்டை வீட்டாரை அயலாராக எண்ணாதிருப்பதும் இரு மொழியினருக்கும் உரிய கடமை. உரிமை பிரிக்கும் இடத்தில் கடமை இணைக்கிறது. உண்மையான பாலம் அதுவே.