கேட்காததற்கும் பதில்

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் ஒரு குதிரை வருகிறது. மோசடி என்றால் என்ன என்று சொல்லும் 17-ஆம் பிரிவுக்கு எடுத்துக்காட்டாக வரும் குதிரை. அதற்கு ஒரு குறை உண்டு. விற்பவனுக்கு அது தெரியும். ஏலத்தில் வாய் திறக்காமல் விற்றுவிடுகிறான். அது மோசடி ஆகாது என்கிறது சட்டம். அதே குதிரையை, இப்போதுதான் மேஜரான தன் மகளுக்கு விற்றால் கதை வேறு. அவளிடம் குறையைச் சொல்லியே ஆக வேண்டும். உறவு அவனைப் பேசக் கடமைப்படுத்துகிறது.

என் அக்கா மகள் ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கிய நாளிலிருந்து இந்தக் குதிரை என் மனதை விட்டுப் போகவில்லை.

அவள் தனியார் மருத்துவமனையில் நர்ஸ். இரவு ஷிப்ட் முடிந்து வர பஸ் கிடையாது. கவனமாகத்தான் வாங்கினாள். ஆர்.சி. புக்கில் உள்ள இன்ஜின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் வண்டியோடு ஒப்பிட்டாள். கடன் பாக்கி உண்டா, இன்சூரன்ஸ் எதுவரை என்று பரிவாகன் செயலியில் பார்த்தாள். 29, 30 படிவங்களில் கையெழுத்து வாங்கிப் பெயர் மாற்றினாள். விற்றவர் இரண்டு சாவி கொடுத்தார்: கிளப்ப ஒன்று, சீட்டைத் திறக்க ஒன்று.

பிறகு ஒருநாள் சர்வீசுக்கு விட்ட இடத்தில் மெக்கானிக் சொன்னார்: "இந்த மாடலுக்கு எல்லாத்துக்கும் ஒரே சாவிதான்மா. யாரோ லாக்கை உடைச்சிருக்காங்க. வயரிங்கும் வெட்டி ஒட்டினது."

விற்றவருக்குப் போன் செய்தாள். அவர் மறைக்கவில்லை. வீட்டு வாசலில் நிறுத்தியிருந்த வண்டி திருடுபோனது, போலீஸ் பிடித்தது, ஸ்டேஷன் வாசலில் வெயிலிலும் மழையிலும் கிடந்தது, கோர்ட் மூலம் திரும்பக் கிடைத்தது, வழக்கும் முடிந்துவிட்டது. "எல்லாம் சட்டப்படிதான். நீங்க கேக்கலையேம்மா."

யார் கேட்பார்கள்? வீட்டுக்குள் கூப்பிட்டு உட்கார வைத்துக் காபி கொடுத்தவரிடம், "இது திருட்டுப் போன வண்டியா?" என்று எந்த வாயால் கேட்பது? கேட்டால் அவரையே சந்தேகிப்பது போல ஆகிவிடும். மரியாதை தெரிந்தவர்கள் கேட்க முடியாத கேள்வி அது. அதனால்தான், தெரிந்தவர் தானாகச் சொல்ல வேண்டும் என்கிறேன். திரும்பக் கிடைத்து வழக்கும் முடிந்த வண்டியின் பழைய கதையை ஆர்.சி.யின் எந்தக் கட்டமும் சொல்லாது. சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

சொல்லாததால் என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள் உண்டு. திருடன் கையில் இருந்த நாட்களில் வண்டி எங்கே ஓடியது, எதில் மோதியது, எந்தப் பாகம் மாறியது என்று யாருக்கும் தெரியாது. பிடிபட்ட வண்டிகளை ஸ்டேஷன்களில் நெடுநாள் போட்டு வைக்கக் கூடாது என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டது; துருப்பிடித்த வண்டிகள் இன்றும் அங்கே வரிசையாக நிற்கின்றன. வழக்கு நடக்கும்போதே உரிமையாளரிடம் வண்டியைக் கொடுத்தால், விற்கக் கூடாது, கேட்கும்போது கொண்டுவர வேண்டும் என்று பொதுவாக எழுதி வாங்கிக்கொள்வார்கள். இந்த வழக்கு முடிந்திராவிட்டால் கோர்ட் படி ஏறுவது அவள் தலையில் விழுந்திருக்கும். நள்ளிரவில் பைபாஸில் வயரிங் காலை வாரினால் என்ன ஆகும் என்பதை நான் நினைத்துப் பார்க்கவே விரும்பவில்லை.

அந்த மனிதர்மேல் எனக்குக் கோபம் இல்லை, வருத்தம்தான். அவரும் திருட்டில் அடிபட்டவர். உண்மையைச் சொன்னால் விலை இறங்கும், இன்னொரு முறை ஏன் இழக்க வேண்டும் என்று நினைத்திருப்பார். ஆனால் அந்த இழப்பின் மிச்சத்தை, அவளுக்குத் தெரியாமல் அவள் தலையில் இறக்கிவைத்துவிட்டார். தெரிந்திருந்தால் அவள் விலையைக் குறைத்துக் கேட்டு அதே வண்டியை வாங்கியிருக்கலாம். வேண்டாம் என்றும் போயிருக்கலாம். அந்த முடிவு அவளுடையது. அதைத்தான் அவர் எடுத்துக்கொண்டார்.

இப்போது வேறு ஊரில் வேலை கிடைத்து, அவள் வண்டியை விற்க வேண்டி வந்தது. "பேப்பர் சுத்தமா இருக்கு, நீ ஏன் வாயைத் திறக்கணும்?" என்றார் அத்தான். "நீங்க சொல்லுங்க சித்தி" என்று என்னைப் பார்த்தாள். சொல்லத்தான் வேண்டும், அதுவும் விலை பேசுவதற்கு முன்பே என்றேன். விலை படிந்து அட்வான்ஸ் கைமாறிய பிறகு சொல்வது, பாதி மறைத்ததற்குச் சமம். வாங்குபவர் நம் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் எந்த இடத்தில் சொல்வோமோ, அந்த இடத்தில் சொல்ல வேண்டும். சட்டம் மகளோடு நிறுத்திக்கொண்டது. நாமும் ஏன் அங்கேயே நிற்க வேண்டும்?

மனைவிக்காக வண்டி பார்க்க வந்தவர் தையல் கடை வைத்திருப்பவர். அவள் எல்லாவற்றையும் சொன்னதும் அவர் எழுந்து போய்விடவில்லை. வயரிங்கைத் திறந்து பார்த்தார். எந்த ஸ்டேஷன், கேஸ் முடிந்ததற்குக் காகிதம் இருக்கிறதா என்று கேட்டார். அவளிடம் இல்லை. முதலில் விற்றவருக்கே மறுபடி போன் செய்தாள். அன்று மாலையே கோர்ட் உத்தரவின் படம் வந்து சேர்ந்தது. கூடவே, மூலம் தன்னிடம் இருப்பதாகவும் வேண்டுமானால் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்றும் எழுதியிருந்தார். தையல்காரர் வயரிங் செலவைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார்.