பல்பைக் கும்பிடுவது

சோழபுரத்துக்கு மேற்கே, தென்னந்தோப்புக்குள் எனக்கு ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. ஊரில் அதைப் பட்டறை என்பார்கள். மண்வெட்டிக்குப் பிடி போடுவது, மருந்தடிக்கும் பம்புக்கு வாஷர் மாற்றுவது, மழுங்கிய அரிவாளைச் சாணை பிடிப்பது எல்லாம் அங்கேதான். கம்பத்திலிருந்து லைன் இழுக்க வழியில்லாத இடம். கூரைமேல் 165 வாட் பேனல் இரண்டு, உள்ளே 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரி ஒன்று, ஒரு பழைய இன்வெர்ட்டர். 2012-இல் பகலென்றும் இரவென்றும் பாராமல் கரண்ட் போன காலத்தில் ஊரே இன்வெர்ட்டர் வாங்கியது. அப்படி வாங்கிய ஒருவர் பிறகு எனக்குக் கைமாற்றிவிட்டது அது.

சாயங்காலம் அம்மா காபித் தூக்கோடு வருவாள். நான் 9 வாட் எல்.இ.டி. பல்பைப் போட்டதும் தூக்கைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிடுவாள். நான் சும்மா நின்றால், "ஏன்யா, கை வலிக்குதா?" என்பாள்.

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. அகல் போய்ச் சிம்னி வந்தது, சிம்னி போய்க் குண்டு பல்பு வந்தது, அதுவும் போய்விட்டது; சுவிட்சைத் தட்டியதும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வயரிங் வேலைக்கு வரும் நண்பர் கறுப்புச் சட்டைக்காரர். அம்மா கும்பிடுவதைப் பார்த்துவிட்டு, அவள் போனபிறகு கேட்டார்: "கடையில பருப்பு வாங்கினா பருப்பைக் கும்பிடுறீங்களா அண்ணாச்சி? கரண்டும் காசு கொடுத்து வாங்குறதுதானே?"

"இது வாரியத்துக் கரண்ட் இல்ல, சூரியன் கொடுக்குறது" என்றேன்.

"பேனலுக்குத் தவணை கட்டினது சூரியனுக்கா?"

எனக்குப் பதில் வரவில்லை. மறுநாள் அம்மாவிடமே கேட்டேன். அவள் சிரித்தாள். "பல்பையா கும்பிடுறேன்? பொழுது சாஞ்சிருச்சுல்ல, அதுக்குய்யா."

பல்பைச் சுற்றியே நாங்கள் இருவரும் வாதாடிக்கொண்டிருந்திருக்கிறோம். அவள் கும்பிட்டது நேரத்தை.

ஆனால் வீட்டில் பொழுது சாய்வதற்கு இப்போது என்ன பொருள்? மீட்டர் பகலிலும் ஓடுகிறது, இரவிலும் ஓடுகிறது. பட்டறையில் அப்படியில்லை. எங்களுக்கு மேற்கே மலை. ஊருக்கெல்லாம் அஸ்தமனம் ஆகுமுன்பே சூரியன் அதன் பின்னால் போய்விடும். சார்ஜ் கன்ட்ரோலரில் அம்பியர் எண் மூன்று, இரண்டு, ஒன்று என இறங்கிச் சைபரில் நிற்கும். அந்த நிமிஷத்தோடு வரவு முடிந்தது. அதன்பின் விடியும்வரை செலவு மட்டும்தான். அம்மா தூக்கோடு வருவதும் அநேகமாக அந்த நேரத்தில்தான். அவளுக்கு அம்பியர் தெரியாது.

கணக்கைச் சொல்கிறேன். 12 வோல்ட், 150 ஏ.எச்.; பெருக்கினால் 1,800 வாட்-மணி. பேட்டரி நாள்பட உழைக்க வேண்டுமானால் பாதிக்குமேல் எடுக்கக்கூடாது, ஆக 900. ஒரு பல்பு அதை வைத்துப் பத்து ராத்திரி எரியும். 670 வாட் கிரைண்டருக்கோ ஒரு மணி இருபது நிமிஷம். இன்வெர்ட்டர் தின்பது போக அதுவும் முழுசாக வராது. வெளிச்சம் மலிவு, வேலைதான் விலை. இது புரிய எனக்கு ஒரு ஐப்பசி தேவைப்பட்டது.

மூன்று நாள் மூட்டம். கரும்பு வெட்டப் போகிற ஆட்களுக்கு விடிந்ததும் அரிவாள் வேண்டும். இரவு எட்டு மணிக்குக் கிரைண்டரைப் போட்டேன். இரண்டாவது அரிவாளில் இன்வெர்ட்டர் கீக்கீக் என்று கத்தியது. "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று அழுத்திப் பிடித்தேன். பொட்டென்று நின்றது, பல்பும் போனது. கும்மிருட்டில் என் கையில் சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை, சத்தம் மட்டும் மெல்ல மெல்லத் தேய்கிறது. அது அடங்கும்வரை காலை நகர்த்தவும் பயம், கையை இறக்கவும் பயம். அந்தச் சில நொடிகளில் எனக்குப் பக்தி வந்ததா என்று கேட்டால், இல்லை. எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்காமல் எடுத்தோமே என்ற கூச்சம் வந்தது. பக்தி என்று அம்மா சொல்வது அதற்கு அடுத்த வீட்டில்தான் இருக்க வேண்டும்.

வள்ளலார் 1872-இல் வடலூரில் எழுப்பிய சத்திய ஞான சபையில் வழிபாடே ஜோதிதான். ஏழு திரை விலக்கிக் காட்டும் அந்த ஜோதியைவிட, அங்கே விளக்கு வைப்பவர்களைப் பற்றி அவர் வகுத்த விதி எனக்குப் பிடிக்கும்: பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள், அல்லது எழுபத்திரண்டு தாண்டிய பெரியவர்கள். நடுவயதுக்காரனை ஏன் விலக்கினார்? ஆசை அடங்காத கை என்பதால் என்று சொல்வார்கள். நான் என் பட்டறை அனுபவத்தில் வேறாக நினைக்கிறேன்: "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்கிற வயசு அது. அம்மாவுக்கு எழுபத்துநாலு. எனக்கு ஐம்பத்தொன்று.

நண்பருக்கு ஒரு புள்ளி கொடுத்தே ஆக வேண்டும். ஆயுத பூஜை அன்று கிரைண்டர், டிரில், பட்டறைக்கல் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்து ஓய்வு கொடுக்கிறோம். பேட்டரிக்கும் ஒரு பொட்டு. ஆனால் கூரைமேல் பேனலுக்கு லீவு கிடையாது. பத்து மணிக்கே பேட்டரி நிரம்பிவிடும். கன்ட்ரோலர் போதும் என்று அடைத்துவிடும். அதற்கப்புறம் விழும் வெயில் எல்லாம் வீண். ஒரே சூரியன் முன்னால் ஒரு தாமரை மலரும், ஒன்று முதிரும், ஒன்று வாடும், எல்லாம் அதனதன் பக்குவம் என்று சைவ சித்தாந்திகள் உவமை சொல்வதுண்டு. நிரம்பிவிட்ட பாத்திரத்துக்கு உவமை சொன்னார்களா? வாங்குகிறவன் இல்லாதபோதும் விழுகிற வெயில் யாருக்கும் நன்றிக்காக விழவில்லை. அந்த மட்டில் நண்பர் சொல்வது சரி. பல்பைக் கும்பிடத் தேவையில்லை.

பொழுதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அங்கே நான் அம்மா பக்கம்.

இன்று கார்த்திகை. காலையிலிருந்து மழைத்தூறல். பேட்டரியில் ஹைட்ரோமீட்டர் 1190 காட்டுகிறது, பாதிச் சார்ஜுக்கு ஒரு நூல் மேலே. அம்மா வாசலில் நாலு அகல் வைத்துவிட்டு உள்ளே வந்து, "லைட்டை அணைச்சிரு, இது போதும்" என்கிறாள். சாணை பிடிக்க வந்த இரண்டு அரிவாளை நாளை வெயில் வந்தால் பன்னிரண்டு மணிக்கு மேல் தருவதாகச் சொல்லி அனுப்பிவிட்டேன்.