வரிசையில் முன்னால் நிற்பவர்

தில்லியின் பெரிய அரசு மருத்துவமனைகளின் வெளியே இரவில் நடந்து சென்றவர்கள் இக்காட்சியை அறிவார்கள். பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்த குடும்பங்கள் நடைபாதையில் போர்வை விரித்துப் படுத்திருக்கும். தலைமாட்டில் ஒரு பை. அதனுள் எக்ஸ்ரே படங்களும், அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்த சீட்டும். அந்த நாள் பல மாதங்களுக்கு அப்பாலும் இருக்கலாம். அவசர நோயாளிகள் வந்தால் அதுவும் தள்ளிப்போகும்.

அத்தகைய சீட்டுடன் வந்த அன்பர் ஒருவர் கேட்டார்: "சுவாமிஜி, சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் என் தம்பியின் இதய வால்வு பழுதாகிவிட்டது. செல்வாக்குள்ள ஒருவர் சிபாரிசுக் கடிதம் தருவதாகச் சொல்கிறார். வாங்குவது பாவமா?"

பாவம் என்று சொல்ல நா எழவில்லை. படியேற முடியாமல் மூச்சிரைத்து உட்காரும் தம்பியை அவர் தினமும் பார்க்கிறார். பாசத்தைப் பழிப்பது எளிது. பாசமே அற்றவனிடம் தர்மம் எங்கிருந்து வரும்?

ஆயினும் ஒன்றைப் பகுத்துப் பார்க்க வேண்டும். நோய் முற்றியவரை மருத்துவர் முன்னே அழைப்பது அநீதியன்று. தம்பியின் நிலை மோசமானால் அதை மருத்துவரிடம் திரும்பத் திரும்பச் சொல்வது அண்ணனின் கடமை. அதில் கூச்சம் கூடாது. கடிதம் செய்வதோ வேறு. அது அறுவைக் கூடத்தில் ஒரு மேஜையைக்கூடக் கூட்டுவதில்லை. ஒருவர் முன்னே வர, மற்றொருவர் பின்னே தள்ளப்படுகிறார். அவர் யாரென்று நமக்குத் தெரியாது. தெரியாததால்தான் கடிதம் நம் கையில் கனப்பதில்லை.

மாண்டு கிடந்த தம்பியரில் ஒருவனை மட்டும் எழுப்புவதாக யக்ஷன் சொன்னபோது, யுதிஷ்டிரர் பீமனையோ அர்ஜுனனையோ கேட்கவில்லை, நகுலனைக் கேட்டார். குந்திக்குத் தான் இருக்க, மாத்ரிக்கும் ஒரு மகன் வேண்டும் என்று எண்ணினார். உயிரோடு இல்லாத ஒரு தாயை அவர் மனம் மறக்கவில்லை. 1901இல் ஹரித்வாரை அடுத்த கங்கலில் சேவாசிரமம் தொடங்கிய சுவாமி கல்யாணானந்தரும், முன்பின் அறியாத நோயாளிகளையே நாராயணனாகக் கண்டு தொண்டு செய்தார். சொந்தத் தம்பியை நாராயணனாகக் காண்பதில் என்ன கடினம்?

அன்பரிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. "உங்கள் பக்கத்துப் போர்வைக்காரர் யாருக்காகக் காத்திருக்கிறார்?" என்று மட்டும் கேட்டேன். அவருக்குத் தெரிந்திருந்தது. பூர்ணியாவிலிருந்து வந்த ஒரு விவசாயி, ஒன்பது வயது மகள், அவளுக்கும் வால்வுதான். அவளுக்குக் குறித்த நாள், தம்பியின் நாளுக்கு இரண்டு நாள் முன்னதாக. சொல்லிவிட்டு அவர் வெகுநேரம் பேசவில்லை.

மறுநாள் மருத்துவரைப் பார்க்கச் சென்றபோது அந்த விவசாயியையும் உடன் அழைத்துச் சென்றாராம். அவருக்கு விண்ணப்பம் நிரப்பத் தெரியாது. கடிதத்தைப் பற்றி நான் கேட்கவில்லை.