அப்போது அது புதுசு

எங்கள் கல்லூரி மகளிர் தின விழாவுக்கு டி-சர்ட் அச்சடிக்கலாம் என்று மாணவிகள் சொன்னபோது படம் கொடுத்தது நான்தான். என் சித்தி சைக்கிள் ஓட்டும் புகைப்படம், 1992இல் எடுத்தது. குறுக்குக் கம்பியில் துண்டைச் சுற்றி, அதன்மேல் மகனை உட்காரவைத்து, கேமராவைப் பார்க்காமல் பாதையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருப்பாள். புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த காலம் அது. ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். வயலுக்கும் கல்குவாரிக்கும் நடந்து போய்க்கொண்டிருந்த பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஏறினார்கள். பெண்களுக்கான சைக்கிள் போதாமல் பலரும் ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். ஆணுக்கென்று வைத்த குறுக்குக் கம்பி பிள்ளையை உட்காரவைக்கும் இடமாயிற்று.

மாணவிகள் அந்தப் படத்தைக் கோட்டோவியமாக்கினார்கள். விண்டேஜ் தோற்றம் வேண்டும் என்பதில் எல்லோரும் ஒரே குரல். நிறங்கள் மூன்றே: மங்கிய மஞ்சள், செங்கல் சிவப்பு, பாசிப் பச்சை. எழுத்து, பழைய சினிமா சுவரொட்டியில் தூரிகையால் எழுதியதைப் போல. கடைசியாகக் கீறலும் துருவும் காகித மடிப்பும் கொண்ட ஒரு படலத்தை ஓவியத்தின்மேல் போர்த்தி, அந்தத் தடங்கள் விழும் இடத்திலெல்லாம் நிறத்தை நீக்கினார்கள். பார்த்ததும் ஐம்பது வருடப் பழைய படம் போலிருந்தது. எனக்கும் பிடித்திருந்தது. இதை மறைக்க விரும்பவில்லை.

அச்சடிக்கத் திருப்பூர் போனோம். ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன். வலைத்துணியில் மருந்து பூசி, வெளிச்சம் காட்டிக் கழுவினால் மை இறங்கவேண்டிய இடம் மட்டும் திறந்துகொள்கிறது. சட்டையைப் பலகையில் மாட்டி, ஸ்கிரீனை இறக்கி, ரப்பர் கட்டையால் மையை ஓர் இழுப்பு. பிறகு சுமார் 160 டிகிரி சூட்டில் மை வேகவேண்டும். சரியாக வேகாத மை துவைக்கத் துவைக்க வெடித்துவிடும். “வெடிக்கக் கூடாதுன்னு நாங்க பாடுபடறோம். நீங்க வெடிச்ச மாதிரியே வேணும்கறீங்க” என்று பட்டறைக்காரர் சிரித்தார். செக்கிங்கில் இருந்த அக்கா சிரிக்கவில்லை. முதலில் வந்த ஐந்து சட்டைகளையும் டேமேஜ் என்று தனியே எடுத்து வைத்துவிட்டார். மை விட்டுப்போன இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் அவருடைய வேலை. தப்பவிட்டால் அவர்தான் பேச்சு வாங்கவேண்டும். அவை டேமேஜ் இல்லை, அழகு என்று நான் விளக்கினேன். “சரிங்க மேடம்” என்று எடுத்துக் கொடுத்தார்.

ஒரு சட்டையைச் சித்தியிடம் கொண்டுபோனேன். விரித்துப் பிடித்துப் பார்த்தாள். நகத்தால் மெல்லச் சுரண்டினாள்.

“ஏன்டி, சைக்கிள்ல இம்புட்டுத் துரு?”

“பழைய காலம்னு தெரியணும்ல சித்தி, அதுக்குத்தான்.”

“அப்ப அது புதுசுடி. சீட்டுப் பணத்துல வாங்குனது. சேலையும் புதுசு. நானும் புதுசாத்தான் இருந்தேன்.” கொஞ்சம் பொறுத்துக் கேட்டாள்: “இதப் போடுறதுக்கு முன்னாடி என்னைய ஒரு வார்த்தை கேட்டியா?”

கேட்கவில்லை. மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டாள்.

கேட்காமல் படத்தை எடுத்தது தவறு. அதில் விவாதம் இல்லை. அவள் சொன்ன முதல் வாக்கியம்தான் என்னை விடவில்லை. வாழ்ந்தவளுக்கு அந்த நாள் பழசாக இருக்கவில்லை. அந்தச் சைக்கிளுக்காகச் சித்தப்பாவிடம் வாங்கிய பேச்சும், தெருவில் கேட்ட கேலியும், முதன்முதலாகத் தனியாகச் சந்தைக்குப் போய்வந்த மாலையும் அவளுக்கு நிகழ்காலம். பழமை என்பது அவளுடைய நாளில் இருந்த குணமல்ல, நமக்கும் அதற்கும் இடையிலான தூரம். அந்தத் தூரத்தை அவள் உடம்பின்மேல் துருவாக அச்சடித்தோம். துருப்பிடித்த படம், இதெல்லாம் முடிந்த கதை என்கிறது. என் வகுப்பில் இன்றும் வீட்டில் ஸ்கூட்டர் சாவி கேட்டுக் கிடைக்காத பெண்கள் இருக்கிறார்கள்.

மறுபக்கமும் உண்டு. 1970களில் நியூயார்க்கில் லாபிரிஸ் என்ற பெண்கள் புத்தகக் கடைக்காக ஒரு சட்டை அச்சானது. எதிர்காலம் பெண்ணுடையது என்பது அதிலிருந்த வாசகத்தின் பொருள். அதை அணிந்த பாடகி அலிக்ஸ் டாப்கினை லிசா கோவன் 1975இல் படமெடுத்தார். நாற்பது ஆண்டுகள் கழித்து அந்தப் படத்தைக் கண்ட ஓர் அமெரிக்கக் கடை 2015இல் சட்டையை மறுபடி அச்சிட்டது. வாசகம் உலகெங்கும் போனது. பழசின் மேல் இருக்கும் மோகம் இல்லாவிட்டால் அது காப்பகத்திலேயே கிடந்திருக்கும். ஆனால் எதிர்காலத்தைப் பற்றிய ஒரு வாசகம் விண்டேஜாக விற்பதில் ஒரு கசப்பும் இருக்கிறது. முண்டாசு கட்டி முஷ்டி மடக்கிய அமெரிக்கத் தொழிலாளிப் பெண்ணின் படமும் நாம் அறிந்ததே. 1943இல் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்துக்காக ஜே. ஹோவர்ட் மில்லர் வரைந்தது. அந்த நிறுவனத்தின் ஆலைகளில் இரண்டு வாரம்தான் ஒட்டப்பட்டிருந்தது. பெண்ணியச் சின்னமானது 1980களில். வேலையை முடுக்க ஒரு முதலாளி ஒட்டிய தாள் என்பதை அந்த மங்கிய மஞ்சள் நிறம் இதமாக மறந்துவிட வைக்கிறது.

தொல்காப்பியம் செய்யுளுக்குச் சொல்லும் எட்டு வனப்புகளில் தொன்மையும் ஒன்று, விருந்தும் ஒன்று. அங்கே விருந்து என்றால் புதுமை. ஆண்டுதோறும் பாடம் நடத்தும்போது இரண்டையும் எதிரெதிராகவே சொல்லிவந்திருக்கிறேன். சித்திக்குப் பிறகு அப்படிச் சொல்ல முடியவில்லை. பழைய கதையைச் சொல்லலாம். அது நடந்தபோது இருந்த புதுமையோடு சொல்லமுடியாதா?

இன்னொன்றும் உறுத்துகிறது. என் பாட்டி கூலிக்குப் போன வீட்டில் கொடுத்த பழஞ்சேலையைத்தான் பல வருடம் உடுத்தினாள். சாயம் போன அந்தச் சேலையை யாரும் அழகென்று சொன்னதில்லை. வெளுத்த துணியை விரும்பி அணிய ஒரு தைரியம் வேண்டும். என்னை யாரும் இல்லாதவள் என்று நினைக்கமாட்டார்கள் என்ற உறுதிதான் அது. எனக்கு அந்த உறுதி என் சம்பளத்தால் வந்தது. செக்கிங் அக்காவிடம் அழகை விளக்கியபோது நான் பேசியது அங்கிருந்துதான்.

புது ஸ்கிரீன் போட்டு மறுபடி அச்சடித்தோம், என் செலவில். கீறலும் துருவும் இல்லை. சேலையின் நிறத்தைச் சித்தியிடம் கேட்டோம்: கிளிப்பச்சை, அரக்குக் கரை. பெயர் போடவா என்றதற்கு, “பேரு வேணாம், ஊருப்பேரப் போடு” என்றாள். மாணவிகள் சிலருக்கு முதல் சட்டைதான் இன்னமும் பிடித்திருக்கிறது. இது சுவர் விளம்பரம் மாதிரி இருக்கிறதாம். இருக்கலாம். அதனால் திருப்பூரில் யாருடைய கூலியும் கூடிவிடவில்லை என்பதும் எனக்குத் தெரியும். சித்தி ஒன்றை வாங்கிப் பேத்திக்குக் கொடுத்தாள்.

முதல் சட்டை ஒன்று என்னிடம் இருக்கிறது. வீட்டில் அணிகிறேன். மை நன்றாக வெந்திருக்கிறது. அச்சடித்த விரிசல்கள் அப்படியே இருக்கின்றன. கழுத்துத் தையல்தான் இற்றுக்கொண்டு வருகிறது.